தடுப்புக் காவல் ஆணையைப் படிப்பது எப்படி

‘இன்னார் குண்டர் சட்டத்தில் கைது, மாவட்ட ஆட்சியர் உத்தரவு’ என்ற ஒரு பத்திச் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். கைதானவர் ரவுடி என்றால் வேண்டியதுதான் என்கிறார்கள். மாணவர் அல்லது போராட்டக்காரர் என்றால் அநியாயம் என்கிறார்கள். இரண்டுமே ஆளைப் பற்றிய தீர்ப்புகளே தவிர, அந்த ஆளை உள்ளே வைத்த அதிகாரத்தைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல. அந்த இரண்டாவது வகைத் தீர்ப்புக்கு வருவதற்கு ஓர் ஆணையை எந்த வரிசையில், எந்தச் சொற்களைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தனிமனித சுதந்திரத்தையும் அதிகாரத்தின் எல்லையையும் பற்றிய அரசியல் சிந்தனையை எத்தனையோ வழிகளில் பழகலாம். தடுப்புக் காவலை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், அங்கே அரசின் அதிகாரம் தன் முழு உயரத்தில் நிற்கிறது என்பதுதான். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, விசாரணை நடக்கவில்லை, இனிமேல் செய்யக்கூடும் என்ற கணிப்பின் பேரில் ஒருவர் பன்னிரண்டு மாதங்கள் வரை சிறையில் இருக்கிறார். இந்த இடத்தில் சரியாக அளக்கக் கற்றுக்கொண்டவருக்கு இணைய முடக்கம், புத்தகத் தடை, கூட்டத்துக்கு அனுமதி மறுப்பு ஆகியவற்றை அளப்பது கடினமாக இருக்காது. உறவினர் ஒருவர் உண்மையிலேயே உள்ளே இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கையில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும்: காவல் ஆணை, அதனுடன் தரப்படும் காரணங்களின் அறிக்கை, எந்தச் சட்டத்தின் கீழ் ஆணை பிறந்ததோ அந்தச் சட்டம். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டமாக இருக்கும். மக்கள் வாயில் அதுதான் குண்டாஸ். இவற்றோடு அரசியலமைப்பின் 21, 22 ஆகிய உறுப்புகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; முன்னது உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றியது, பின்னது கைதையும் தடுப்புக் காவலையும் பற்றியது.

முதலில் ஆளின் பெயரை மூடிவிடுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வது அல்ல. நான் ஒரு துண்டுத் தாளை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டுதான் படிப்பது வழக்கம். இந்தியாவில் தனிமனித சுதந்திரம் பற்றிய முதல் பெரிய வழக்கு, மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுடையது. அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்த அவருக்கு, 1950 மார்ச் முதல் நாள், அந்த ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் புதிய ஆணை தரப்பட்டது. அவருடைய கட்சி அந்நாளில் ஆயுதப் போராட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தது; அவர்மீது இரக்கம் கொள்ள ஆட்சியில் இருந்தவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும், சட்டம் வகுத்த நடைமுறை என்று 21ஆம் உறுப்பு சொல்வது சட்டமன்றம் எழுதிவைத்த எந்த நடைமுறையையும் குறிக்குமா, அல்லது நியாயமான நடைமுறையை மட்டும் குறிக்குமா என்ற கேள்வி நாட்டில் உள்ள எல்லோருக்குமானது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை முதல் விடையைத் தந்தது. நீதிபதி ஃபசல் அலி மறுத்து எழுதினார். அவர் பக்கம் நீதிமன்றம் வந்து சேர்ந்தது 1978இல், கடவுச்சீட்டு பறிக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில். இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகள் எல்லா மக்களும் கோபாலனுக்குச் சொல்லப்பட்ட விடையின் கீழ்தான் வாழ்ந்தார்கள்.

பெயரை மூடியபின் வினைச்சொல்லைத் தேடுங்கள். என் மதிப்பில் இதுவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படி, ஆகவே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. அதிகாரம் தரும் எந்தச் சட்டப் பிரிவிலும் அதிகாரி எப்போது செயல்படலாம் என்று சொல்லும் ஒரு வினை இருக்கும். ‘இன்னது நடந்திருந்தால்’ என்று இருக்கலாம். ‘இன்னது நடந்ததாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்’ என்று இருக்கலாம். ‘அரசு திருப்தியடைந்தால்’ என்றும் இருக்கலாம். முதல் வடிவத்தில் உலகத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம். இரண்டாவதில் காரணத்தை எடுத்து வைக்கச் சொல்லி எடைபோடலாம். மூன்றாவதிலோ அதிகாரியின் மனத்துக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் போர்க்கால வழக்கு ஒன்று உண்டு. லிவர்சிட்ஜ் என்பவரை உள்துறை அமைச்சர் ஜான் ஆண்டர்சன் 18பி என்ற போர்க்கால விதியின்படி சிறையில் வைத்தார். விதியில் இருந்தது இரண்டாவது வடிவம், அதாவது நியாயமான காரணம் இருந்தால் என்பது. அமைச்சர் தமக்குக் காரணம் இருப்பதாக நினைத்தாலே போதும் என்று 1941இல், அந்நாளில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் பெரும்பான்மை சொல்லிவிட்டது. அட்கின் பிரபு ஒருவர் மட்டும் எதிர்த்தார். ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தால் என்பதும், தன் கால் முறிந்திருப்பதாக அவன் நினைத்தால் என்பதும் ஒன்றாகிவிடுமா என்ற பொருளில் அவர் கேட்ட கேள்விக்கு அன்று யாரும் விடை சொல்லவில்லை. போரின் நடுவில் இருந்த லண்டனில் உட்கார்ந்து அதைக் கேட்டார் என்பதை நினைவில் வையுங்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தபின்தான் அந்தச் சபை அவர் சொன்னதே சரி என்று ஏற்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. வி.ஜி. ராவ் செயலாளராக இருந்த மக்கள் கல்விக் கழகம் என்ற சங்கத்தை 1950 மார்ச்சில் சென்னை அரசு சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அதற்கு இடம் தந்த சட்டப் பிரிவின்படி, சங்கம் பொது அமைதிக்கு ஆபத்து என்று அரசு கருதினால் போதும். ஓர் ஆலோசனைக் குழு தாள்களைப் பார்க்கும். சங்கத்தார் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ வந்து பேச முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்துக்காகத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, அரசின் திருப்தியும் ஒருதலையான குழுப் பார்வையும் நீதிமன்ற விசாரணைக்கு ஈடாகா என்று சொல்லி, கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்க ஓர் அளவுகோலையும் வைத்தார். எந்த உரிமை குறைக்கப்படுகிறது, எதற்காக, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, கட்டுப்பாடு அதற்கு மிஞ்சியதாக இருக்கிறதா, அக்காலச் சூழ்நிலை என்ன என்பவை அதில் அடங்கும். இன்று பொருத்தப்பாடு, விகிதாசாரம் என்றெல்லாம் பேசப்படுவதன் வேர் இந்த வரிகளில் இருக்கிறது. ஆனால் ஒரு நேர்மையான குறிப்பையும் சேர்க்க வேண்டும். தடுப்புக் காவல் சந்தேகத்தையும் முன்கணிப்பையும் அடிப்படையாகக் கொண்டது என்பதால் அங்கே அதிகாரியின் திருப்தி போதும் என்ற கோபாலன் வழக்கின் நிலையை இதே தீர்ப்பு தொடாமல் விட்டுவிட்டது. ஒரு சங்கத்தை மூடுவதற்குப் புறச்சான்று வேண்டும், ஒரு மனிதரைப் பூட்டுவதற்கு அகத் திருப்தி போதும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் தலைகீழாகவே தோன்றுகிறது.

இங்கே வள்ளுவர் நினைவுக்கு வரக்கூடும். வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் முதல் குறள், தக்கவாறு ஆராய்ந்து, குற்றம் மீண்டும் நிகழாதபடி, குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுப்பவனே வேந்தன் என்கிறது. ஆராய்தல், தடுத்தல், அளவு ஆகிய மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. எனினும் அங்கே ஆராய்கிறவனும் அளக்கிறவனும் ஒறுக்கிறவனும் ஒருவனே. அரசனுக்கு அறம் உரைப்பது ஒரு மரபு. அரசனை அளக்கும் கோலை வேறொருவர் கையில் கொடுப்பது இன்னொரு மரபு. 1689இல் ஜான் லாக்கும் 1748இல் மான்டெஸ்கியூவும் வலியுறுத்தியது இரண்டாவதை. நாம் வினைச்சொல்லைத் தேடுவதும், கோல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத்தான்.

அடுத்து நோக்கத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ஆணையில் ‘பொது ஒழுங்கு’ என்று இருக்கும். செய்தித்தாளில் அது ‘சட்டம் ஒழுங்கு’ ஆகிவிடும். இரண்டும் ஒன்றல்ல. ராம் மனோகர் லோகியாவைப் பாட்னாவில் காவலில் வைத்த ஆணையில் சட்டம் ஒழுங்கு என்றே எழுதிவிட்டார்கள். விதியில் இருந்ததோ பொது ஒழுங்கு. 1965இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதிபதி இதயதுல்லா அப்போது ஒன்றினுள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னார்: வெளிவட்டம் சட்டம் ஒழுங்கு, அதனுள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. தெருமுனையில் இருவர் கத்தியால் குத்திக்கொண்டால் வெளிவட்டம் பாதிக்கப்படுகிறது. அதனால் அந்தப் பகுதியே கடையடைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் அதனுள் இருக்கும் பொது ஒழுங்கு வட்டம் பாதிக்கப்படுகிறது. காரண அறிக்கையில் எழுதப்பட்டுள்ள சம்பவம் எந்த வட்டத்தில் விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ‘பொதுமக்கள் பீதியடைந்து சிதறி ஓடினர், வாகன ஓட்டிகள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு சென்றனர்’ என்ற வாசகம் ஓர் ஆணையில் இருந்தால், அது நடந்ததை விவரிக்கிறதா, அல்லது பொது ஒழுங்கு வட்டத்துக்குள் நுழைவதற்காக எழுதப்பட்டதா என்று கேளுங்கள். நாலைந்து ஆணைகளை அடுத்தடுத்துப் படித்தால் விடை தானாகப் புலப்படும்.

சட்டத்தின் தலைப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள். 1982இல் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபச்சாரத் தொழில் நடத்துபவர், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர் என்று தொடங்கியது. பிறகு வனக் குற்றவாளி வந்தார். 2004இல் திருட்டு விசிடிக்காரர் சேர்ந்தார். 2014இல் இணையக் குற்றவாளியும் பாலியல் குற்றவாளியும் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரைச் சேர்க்கும்போதும் அந்தந்த நேரத்தின் கோபம் நியாயமானதாகவே இருந்திருக்கும். ஆயினும் திருட்டு விசிடி விற்பவர் அந்த வட்டங்களில் எதைக் கலைத்தார் என்பதை நான் பலமுறை யோசித்தும் கண்டுபிடிக்கவில்லை. விதிவிலக்காகத் தரப்படும் அதிகாரம் எப்படி வளர்கிறது என்பதற்கு இந்தத் தலைப்பின் நீளமே போதிய சான்று.

நான்காவதாக, சாதாரணச் சட்டம் போதாதா என்று கேளுங்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில், பிறருக்குத் தீங்கு விளைவதைத் தடுக்க மட்டுமே ஒருவர்மீது அவர் விருப்பத்துக்கு மாறாக அதிகாரம் செலுத்தலாம் என்று எழுதியது பலருக்கும் தெரியும். தண்டிக்கும் அதிகாரத்தைக் காட்டிலும் தடுக்கும் அதிகாரமே சுதந்திரத்துக்குக் கேடாகத் தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு மிக்கது என்று அதே நூலின் கடைசி அத்தியாயத்தில் அவர் எச்சரித்திருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டில் காலாவதியான மருந்துகளை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்ட வழக்கில், 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டது. குற்றம் கொடியதுதான்; அதற்கு இந்திய தண்டனைச் சட்டமும் மருந்துகள் சட்டமும் இருக்கும்போது தடுப்புக் காவல் எதற்கு என்று கேட்டு ஆணையை ரத்து செய்தது. ஆகவே காரண அறிக்கையில் ‘பிணையில் வெளியே வந்துவிட வாய்ப்புள்ளது’ என்ற வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் பிணை கேட்டிருக்கிறாரா, அதே வழக்கில் மற்றவருக்குக் கிடைத்திருக்கிறதா என்ற விவரம் அதன் அருகில் இல்லையென்றால், அந்த ஆணையின் உண்மையான வேலை பிணை என்ற உரிமையைச் சுற்றிக்கொண்டு போவதே என்று கருத இடமிருக்கிறது.

பிறகு கடிகாரம். ஐந்து நாட்களுக்குள் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு நாட்களுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும்; தராவிட்டால் ஆணை காலாவதி ஆகும். மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரங்களுக்குள் கழகம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளெண்ணுக்குப் பின்னாலும் ஒரு புதிய கண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் இரண்டிலும் பார்ப்பது அரசே. மூன்றாவதில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்களோ இருக்கத் தகுதியுள்ளவர்களோ பார்க்கிறார்கள். ஆனால் அங்கே வழக்கறிஞரை வைத்துக்கொள்ள உரிமை கிடையாது, வழக்கறிஞர் அல்லாத நண்பர் ஒருவரின் துணையைக் கேட்கலாம். காவலில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் தாள்கள் தரப்பட்டனவா என்பதையும் இங்கேயே பார்க்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஆங்கிலத்தில் இருந்த ஓர் ஆவணத்தின் தமிழாக்கத்தைத் தரவில்லை என்பதற்காக 1999இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அற்பமான தொழில்நுட்பக் குறை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். விசாரணை இல்லை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு, முறையீடு எழுதும் வாய்ப்பு ஒன்றுதான் மிச்சம். படிக்க முடியாத தாளுக்கு யார் முறையீடு எழுத முடியும்?

நீதிமன்றத்துக்குப் போகும் கதவு திறந்திருக்கிறதா என்பதைக் கடைசியில் அல்ல, கடிகாரத்தோடு சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது. ஆட்கொணர்வு மனு என்பது, இவரை எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறாய், கொண்டுவந்து காட்டு என்று நீதிமன்றம் சிறையைக் கேட்கும் கேள்வி. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்று தடுத்தது. கோபாலன் தோற்ற அதே வழக்கில் அந்த ஒரு பிரிவை மட்டும் எல்லா நீதிபதிகளும் சேர்ந்து வீழ்த்தினார்கள். கதவு முழுவதுமாகச் சாத்தப்பட்டது நெருக்கடி நிலையின்போது. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை, மிசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் காவலில் இருந்த கைதிகள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். கதவு சாத்தப்பட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை மத்திய சிறையே சாட்சி. அங்கே மிசா கைதிகள் அடிக்கப்பட்டதைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் விசாரணை ஆணையம் பதிவு செய்தது. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில்.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு மனப்பயிற்சி. நீங்கள் சிறிதும் நம்பாத கட்சி அடுத்த தேர்தலில் வென்று, இதே பிரிவு அதன் கைக்குப் போவதாக வைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை படியுங்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசுத் தரப்பு 2015இல் உறுதி சொன்னபோது, அரசுகள் வரும் போகும், பிரிவு நிலைத்து நிற்கும், இன்றைய உறுதிமொழி நாளைய அரசைக் கட்டாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, பிரிவையே நீக்கியது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், எவ்வளவு பெரிய மனிதராயினும் அவர் காலடியில் சுதந்திரத்தை வைக்காதீர்கள் என்ற மில்லின் எச்சரிக்கையை நினைவூட்டியதும் இதே பொருளில்தான். நல்லவர் கையில் இருக்கும்வரை கவலை இல்லை என்ற வாதம் பிரிவைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இந்த முறைக்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பழகினால் கண் ஒருபக்கம் சாய்ந்துவிடும். தெருவை ஆளும் கந்துவட்டிக்காரனுக்கு எதிராக யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். சாதாரண வழக்கு நிற்காது. அரசு கையைக் கட்டிக்கொண்டால் சுதந்திரம் யாருக்கு மிஞ்சும்? 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய மனுவில் அம்பேத்கரே, அரசின் தலையீட்டிலிருந்து கிடைக்கும் விடுதலை நிலவுடைமையாளனுக்குக் குத்தகையை உயர்த்தும் விடுதலையாகவும் முதலாளிக்கு வேலை நேரத்தைக் கூட்டும் விடுதலையாகவும் ஆகிவிடும் என்று சுட்டிக்காட்டினார். ஆட்சேபம் சரியானதே. ஆனால் அது அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பதற்கான வாதம். அளக்கப்படாத அதிகாரம் வேண்டும் என்பதற்கான வாதம் அல்ல. சாட்சிக்குப் பாதுகாப்புத் தருவதற்கும் வழக்கை விரைந்து முடிப்பதற்கும் செலவும் உழைப்பும் தேவை, காவல் ஆணைக்கு ஒரு கையெழுத்து போதும். ஆட்சேபிப்பவரிடம், அந்த முதல் வழி முயன்று பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள்; பெரும்பாலான இடங்களில் உரையாடல் அங்கிருந்துதான் பயனுள்ளதாகத் தொடங்குகிறது.

இறுதியாக, 22ஆம் உறுப்பின் நான்காம் உட்பிரிவுக்கு வாருங்கள். அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் மூன்று மாதங்களுக்கு மேல் யாரையும் வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. நெருக்கடி நிலையின் பாடத்தை மனத்தில் வைத்து, 1978இல் நாடாளுமன்றம் 44ஆம் திருத்தத்தின் மூலம் அந்த மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. கழகத்தின் உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றும் மாற்றியது. உங்கள் கையில் உள்ள அரசியலமைப்புப் பதிப்பில் இது அடிக்குறிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் விடப்பட்டது. அறிவிக்கச் சொல்லி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதற்குப் பிறகு பல கட்சிகளின் ஆட்சிகளை டில்லி பார்த்துவிட்டது. அந்த நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை.